அடிக்கட்டையைத் தரைமட்டமாக அறுத்தல்: முதலில் மண்வெட்டி, பிறகு ரம்பம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போட, செயின் சா என்று எல்லோரும் சொல்லும் சங்கிலி ரம்பத்துக்கு இணையான கருவி இல்லை. ஆனால் முறிந்து நிற்கும் மரத்தின் அடியை அறுக்கும்போது, பெரும்பாலும் முழங்கால் உயரத்திலேயே அறுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்கள். அறுப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. முழங்கால் உயரத்தில் இருப்பது சுத்தமான மரம். நிமிர்ந்து நின்று இரண்டு நிமிடத்தில் அறுத்துவிடலாம். அதற்குக் கீழே இருக்கும் கடைசி ஓர் அடியில் மரமும் மண்ணும் கலந்து கிடக்கின்றன. அங்கே அதே ரம்பம், அதே ஆள், அதே எரிபொருள் இருந்தும் வேலை நகராது. புகை வரும், சங்கிலி மழுங்கும், சில சமயம் காலும் வெட்டுப்படும். இந்த அத்தியாயத்தின் கருத்து ஒன்றே: அடிக்கட்டையைத் தரைமட்டமாக அறுப்பதில் முக்கால் பங்கு மண்வேலை. மண்வெட்டி, கடப்பாரை, கோடாலி மூன்றும் தங்கள் வேலையை முடித்த பிறகே ரம்பத்தின் முறை வருகிறது. இந்த வரிசை மாறினால் நேரம், பணம், பாதுகாப்பு மூன்றிலும் நட்டம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண் பட்டால் சங்கிலிக்கு என்ன ஆகிறது

சங்கிலியின் ஒரு பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் இடத்தில் ஒரு கூரிய மூலை இருக்கும். மர நாரை முதலில் வெட்டுவது அந்த மூலைதான். மேல்தகட்டின் விளிம்பு அதன் பின்னால் வந்து சீவி எடுக்கிறது. பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. பெரும்பாலான சங்கிலிகளில் பல்லின் விளிம்பு அந்த மேட்டைவிட 0.65 மில்லிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். இந்த மூலை ஒரு மயிரிழை உருண்டுபோனாலும் பல் கடிக்காது. மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். நல்ல சங்கிலி செதில் செதிலாக மரத்தைத் தள்ளும். மழுங்கிய சங்கிலி மாவுபோல் தூளைக் கொட்டும். வெளியே வரும் தூளைக் கவனித்தாலே போதும், சங்கிலியின் நிலை தெரிந்துவிடும்.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 7. பல்லின் எஃகு அந்த அளவுக்குக் கடினமானதல்ல. மேலே குரோம் பூச்சு இருந்தாலும் அது மெல்லிய படலம். அதற்கு அடியில் இருக்கும் எஃகு தேய்ந்தால் பூச்சுக்குப் பிடிமானம் போய் விளிம்பு உடைகிறது. இதோடு வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. சங்கிலியைத் தாங்கும் நீண்ட தகடான பார் 18 அங்குலம் என்றால், அதில் ஓடும் சங்கிலியின் மொத்த நீளம் ஒன்றேகால் மீட்டர் அளவுதான். ஆக ஒவ்வொரு பல்லும் நொடிக்குப் பதினைந்து முறையாவது சுற்றி வருகிறது. பாரின் விளிம்பு ஒரே ஒரு நொடி மண்ணைத் தொட்டால், சங்கிலியில் இருக்கும் முப்பத்துச் சொச்சம் பற்களும் தலைக்குப் பதினைந்து முறை மணலில் மோதிவிட்டு வந்திருக்கும். ‘லேசாகத்தான் பட்டது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. லேசாகப் பட்டாலும் முழுச் சங்கிலியும் பட்டதாகவே பொருள்.

மண்ணில் பட்ட சங்கிலியை அரம் போட்டுச் சரிசெய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மரத்தை மட்டும் அறுத்து மழுங்கிய பல்லுக்கு உருண்டை அரத்தால் மூன்று நான்கு இழுப்பு போதும். மணலில் பட்ட பல்லில், உருண்டுபோன மூலை முழுவதும் தேய்ந்து போகும்வரை இழுக்க வேண்டும். ஒரு பல் அதிகம் சேதப்பட்டால் மற்றப் பற்களையும் அதன் நீளத்துக்குக் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் ரம்பம் ஒரு பக்கமாகச் சாய்த்து அறுக்கும். இப்படிப் பல முறை அரம் போட்டுப் பயன்படுத்த வேண்டிய பல்லின் ஆயுள், ஒரே அடிக்கட்டையில் பாதியாகக் குறைந்துவிடும்.

தென்னையின் அடி ஏன் தனிக் கவனம் கேட்கிறது

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. பருத்த அடித்தூரிலிருந்து பென்சில் பருமனுள்ள வேர்கள் ஆயிரக்கணக்கில் நாலாபுறமும் புறப்படுகின்றன. வயதான மரத்தில் இந்த வேர்கள் தரைக்கு மேலும் அரை அடி, ஓர் அடி உயரத்துக்குத் தூரைச் சுற்றி அடர்ந்து நிற்கும். அவற்றின் இடுக்குகளில் பல வருடத்து மண் இறுகிப் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மரம்போலத் தெரியும் அந்தப் பகுதியில், பாரை வைத்தவுடன் புழுதி பறக்கும். அதையும் தாண்டினால் தென்னைக் கட்டையே ரம்பத்துக்குச் சுலபமானதல்ல. வேம்பிலும் தேக்கிலும் வைரம் நடுவில் இருக்கிறது. தென்னையில் கெட்டியான பகுதி வெளிவட்டத்தில் இருக்கிறது, நடுப்பகுதி சோறுபோல் மென்மை. அந்த வெளிவட்டம் முழுக்க முரட்டு நார், அதோடு இயற்கையாகவே சிலிக்காவும் உண்டு. சுத்தமான தென்னைத் தண்டை அறுக்கும்போதே சங்கிலி சீக்கிரம் மழுங்குகிறது என்றால், மண் கலந்த தூரில் அது என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே தென்னை அடியை அறுக்கும் முன் அந்த வேர்த்தொகுதியை அரிவாளாலோ கோடாலியாலோ சுற்றிலும் செதுக்கி, வெளிறிய கட்டை தெரியும்வரை உரித்துவிட வேண்டும்.

பழைய அடிக்கட்டையில் இன்னொரு சிக்கல் கரையான். உள்ளே அரித்துக்கொண்டு போகும் கரையான், போகிற வழியெல்லாம் மண்ணைக் கொண்டுவந்து பூசிவைக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே மண் இருக்கும். கடப்பாரை முனையால் கட்டையின் தலையில் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கி, முனையில் ஈரமண் ஒட்டிவந்தால் அந்தக் கட்டைக்கு ரம்பமே தேவையில்லை. கடப்பாரையும் கோடாலியும் அதைப் பெயர்த்துவிடும். வேலியோரத்து மரங்களில் ஆணி, முள்கம்பித் துண்டு ஆகியவற்றையும், தோப்பில் சொட்டுநீர்க் குழாயையும் இதே கட்டத்தில் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு தோண்டுவது, எப்படிச் சுத்தம் செய்வது

தோண்டாமல் தரைமட்டமாக அறுக்கவே முடியாது என்பதற்கு ரம்பத்தின் அமைப்பே சான்று. கிடைமட்டமாக அறுக்க ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறோம். கிளட்ச் மூடி கீழே இருக்கும்படி வைத்தாலும் அந்த மூடியின் கனம் பாருக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் சாய்த்தால் எஞ்சின் முழுவதும் பாருக்குக் கீழே வந்துவிடும். ஆகச் சமதரையில் எவ்வளவு தாழ்த்திப் பிடித்தாலும் பார் தரைக்கு மேலேதான் நிற்கும். அதற்கும் கீழே போக நினைப்பவர் கைப்பிடியைத் தூக்கி முனையைச் சரிப்பார். முனை நேராக மண்ணுக்குள் போகும். எஞ்சின் உடல் இறங்கி நிற்க ஒரு குழி இருந்தால்தான் பார் தரைமட்டத்தில் சமமாக ஓடும்.

எனவே அறுக்கவேண்டிய மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டையைச் சுற்றி வாய்க்கால்போல் வெட்டுங்கள். ரம்பத்தோடு நீங்கள் இருக்கப்போகும் பக்கத்தில் அகலம் இரண்டடியாவது வேண்டும். மற்றப் பக்கங்களில் ஓர் அடி போதும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். எஞ்சின் காற்று அதைத் திரும்பக் கட்டையின் மேலேயே வாரி இறைக்கும். பிறகு கம்பித் தூரிகையோ தேய்ந்த விளக்குமாறோ கொண்டு தேய்த்து, பட்டையைக் கோடாலியால் முழுச்சுற்றும் உரித்துவிடுங்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் உரித்தால் போதாதா என்று தோன்றலாம். பாரின் கீழ்விளிம்பில் சங்கிலி முனையிலிருந்து எஞ்சினை நோக்கி ஓடுகிறது. எதிர்ப்பக்கத்துப் பட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பல் முதலில் வாரிக்கொண்டு, வெட்டின் முழு நீளத்துக்கும் இழுத்துவருகிறது. சுற்றிச் சுற்றி அறுக்கும்போது எல்லாப் பக்கமும் எதிர்ப்பக்கம் ஆகிவிடும். முந்தின நாள் மாலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் மறுநாள் காலையில் குழி இறுகி, புழுதி அடங்கியிருக்கும்.

குழியின் அடியில் சாக்கோ தார்ப்பாயோ விரித்தால் மண் படாது என்று சிலர் நினைப்பார்கள். அதைச் செய்யக்கூடாது, துணியையும் பிளாஸ்டிக் நாரையும் சங்கிலி ஒரே இழுப்பில் உள்ளே சுருட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் காய்ந்த தென்னை மட்டைகளையோ பழைய பலகையையோ பாவிவிடுங்கள். பார் தவறித் தாழ்ந்தாலும் மண்ணுக்கு முன் மரத்தைத் தொடும். உங்களுக்கும் எச்சரிக்கை கிடைக்கும்.

அறுப்பு

எரிபொருள் கலவை, சங்கிலி இறுக்கம், ஸ்டார்ட் செய்யும் முறை ஆகியவை எல்லா அறுப்புக்கும் பொது. அடிக்கட்டைக்கு மட்டும் உரியது உடம்பின் நிலை. இங்கே அறுப்பவர் குனிந்தோ ஒரு காலை மண்டியிட்டோ இருக்கிறார். முகமும் கழுத்தும் தொடையும் பாருக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. பாரின் முனையில் மேற்பாதியான கால்வட்டம் எதையாவது தொட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறித் திரும்பும். நின்றுகொண்டு தண்டை அறுக்கும்போது முனை வெளியில் காற்றில் இருக்கிறது. குழிக்குள் அறுக்கும்போது அந்த முனையைச் சுற்றிக் குழிச்சுவர், கல், வேர் எல்லாம் காத்திருக்கின்றன. குழியை அகலமாக வெட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே தொடங்குங்கள். இரண்டு கையாலும் பிடித்து, இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். லுங்கியும் செருப்புமாக இந்த வேலையில் இறங்கவே கூடாது. கண்ணாடி, காதடைப்பான், முனையில் இரும்புத் தொப்பி வைத்த காலணி, வெட்டுத் தடுப்புக் கால்சட்டை ஆகியவை வேண்டும். அந்தக் கால்சட்டையின் உள்ளிருக்கும் நீண்ட நார்கள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும். மற்ற எந்தத் துணியும் அதைச் செய்யாது.

ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுத்த பிறகே சங்கிலி மரத்தைத் தொட வேண்டும். எஞ்சினை ஒட்டியிருக்கும் இரும்பு முள்ளைக் கட்டையில் ஊன்றி, பாரின் அடிப்பகுதியால் தொடங்கி மெதுவாக உள்ளே திருப்புங்கள். அழுத்த வேண்டியதில்லை, அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் நிறுத்தி அரம் போடவேண்டும் என்பதே பொருள். வெட்டு பாதி போனதும் மேலே இருக்கும் வில்லையின் கனம் பாரை நெருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ ஒன்றை வெட்டுக்குள் தட்டிவிடுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம். பாரின் நீளத்தைவிடக் கட்டை அகலமாக இருந்தால் சுற்றி வந்து அறுத்து நடுவில் சேரலாம். பாரைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான குறுக்களவு வரை இது சாத்தியம். புளி, வாகை போன்ற பெரிய அடிகளை ஒரே வில்லையாக எடுக்க முயலாமல், மேலிருந்து கட்டம் கட்டமாகச் செங்குத்தாக வெட்டி, பிறகு கிடைமட்டமாக அறுத்துத் துண்டு துண்டாக எடுப்பது நல்லது. செங்குத்து வெட்டை அறுக்கும் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திவிட வேண்டும்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது: ரம்பம் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் மண் வெட்டுவதா? இந்தக் கணக்கில் பத்து நிமிடம் என்பது சுத்தமான கட்டைக்கு மட்டுமே பொருந்தும். மண்ணோடு அறுத்தால் முதல் நிமிடத்தில் கூர் போய்விடும். மீதி நேரம் முழுக்கத் தேய்ப்புதான். சூட்டில் பாரின் காடி தேயும், சங்கிலி நீளும், கிளட்ச் வழுக்கும். இடையில் கழற்றி அரம் போட்டு, மறுபடி மண்ணில் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். அந்த நேரத்தையும் தேய்ந்த சங்கிலியின் விலையையும் சேர்த்தால், ஒரு ஆள் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது மலிவு. ஒரே நாளில் பல கட்டைகளை அறுக்க வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் தோண்டிக் கழுவி வைத்துவிட்டு, கடைசியில் ரம்பத்தை எடுப்பதே சரியான ஏற்பாடு. வாடகைக்கு ரம்பம் எடுப்பவருக்கு இதில் லாபம் இன்னும் அதிகம்.

இரண்டாவது எதிர்வாதம், இந்த வேலைக்கென்று ஒரு பழைய சங்கிலியை ஒதுக்கிவிட்டால் போயிற்று என்பது. இதில் பாதி நியாயம் உண்டு. பல் குட்டையாகிப்போன, ஆனால் நன்றாக அரம் போட்ட பழைய சங்கிலியை அடிக்கட்டைக்கு ஒதுக்குவது நல்ல வழக்கம். மழுங்கியதை அப்படியே மாட்டுவது வேறு விஷயம். மழுங்கிய சங்கிலியை ஆள் அழுத்துகிறார். அழுத்துகிறவர் தன் உடல் பாரத்தை ரம்பத்தின் மேல் சாய்த்திருக்கிறார். அந்த நிலையில் ரம்பம் எகிறினால் தடுக்கக் கையில் வலு மிஞ்சியிருக்காது. கார்பைடு முனை வைத்த சங்கிலிகளும் உண்டு, அவை மண்ணைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம். சாதாரண அரத்தால் தீட்டவும் முடியாது. அடிக்கட்டை அறுப்பதையே தொழிலாகச் செய்பவருக்கு அது பொருந்தும். தோப்புக்காரருக்கு மண்வெட்டி போதும்.

மூன்றாவது, ஜேசிபி இருக்க இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. திறந்த நிலத்தில், அதே இடத்தில் மறுபடி நட வேண்டுமென்றால் ஜேசிபி கொண்டு பெயர்ப்பதே சரி. ஆனால் வீட்டுச் சுவரோரம், கிணற்றடி, வாய்க்கால் கரை, குழாய் பதித்த இடம், காய்க்கும் மரங்களுக்கு நடுவே ஆகிய இடங்களில், ஒரு தூரைப் பெயர்க்கும்போது சுற்றியிருப்பதும் சேர்ந்து பெயர்கிறது. அங்கே தரைமட்ட அறுப்புக்கு மாற்று இல்லை. தீ வைப்பது எளிது என்பவர்களுக்கும் இதே பதில்தான்: தென்னந்தூர் கொழுந்துவிட்டு எரியாது, நாள்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும், பக்கத்து மரத்தின் வேரும் வெந்துபோகும்.

தரைமட்டம் எங்கே போதாது

தரைமட்டமாக அறுப்பது எல்லாக் கட்டைக்கும் தீர்வு என்று இந்த நூல் சொல்லவில்லை. தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான்; அடியை எந்த உயரத்தில் அறுத்தாலும் துளிர்க்காது. சீமைக் கருவேலம் அப்படியல்ல. அதன் துளிர் மொட்டுகள் தரைக்கு அடியில் தண்டும் வேரும் சேரும் இடத்திலும் இருக்கின்றன. தரைமட்டமாக அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைத்து வரும். அதைத் தோண்டி, அந்தச் சேரும் இடத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். மறுதாம்புக்கு விடும் தைலமரத்தில் நிலைமை தலைகீழ்: துளிர் வர நாலைந்து அங்குலக் கட்டை மீதியிருக்க வேண்டும், பட்டை கிழியாமல் வெட்டு வழவழப்பாக இருக்க வேண்டும்.

நோயுற்ற தென்னைக்கும் விதிவிலக்கு உண்டு. 1952-இல் தஞ்சைப் பகுதியில் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர்பெற்ற அடித்தண்டழுகல் நோய், கேனோடெர்மா என்ற பூஞ்சாணத்தால் வருகிறது. அது மண்ணிலும் செத்த வேரிலும் தூரிலும் உயிரோடிருந்து பக்கத்து மரத்துக்குப் பரவும். அப்படிச் செத்த மரத்தைத் தரைமட்டமாக அறுத்து மூடிவிடுவது நோயைப் புதைத்துப் பாதுகாப்பதற்குச் சமம். தூரையும் வேரையும் தோண்டி எடுத்து அழிக்க வேண்டும். நோயற்ற மரத்தின் தூரிலும் கவனம் தேவை. மட்கிய தென்னந்தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. புதிதாக வெட்டிய முகத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. முழங்கால் உயரக் கட்டையை விட்டுவைப்பது தோப்பின் நடுவே வண்டுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதாகும். தரைமட்டமாக அறுத்து, அறுத்த முகத்தின் மேல் வெட்டிய மண்ணையே தள்ளி மிதித்து மூடிவிட்டால் அந்த இடம் குறைகிறது.

கடைசியாக, அந்த நிலத்தில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் பொறுத்தே மட்டத்தை முடிவுசெய்யுங்கள். நடைபாதைக்குத் தரைமட்டம் போதும். புல்வெட்டும் இயந்திரம் ஓடும் இடத்தில் இரண்டு விரற்கடை கீழே போக வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டும் நிலத்தில் தரைமட்ட அறுப்பால் பயனில்லை. கத்தி இறங்கும் ஆழத்தில் கட்டை மறைந்திருக்கும், தூரைப் பெயர்க்கத்தான் வேண்டும். புல்லுக்குள் மறையும் மூன்று அங்குலக் கட்டை, கண்ணுக்குத் தெரியும் முழங்கால் உயரக் கட்டையைவிட ஆபத்தானது. டிராக்டர் டயரும் மனிதக் காலும் அதில்தான் மாட்டும். அறுப்பதென்றால் முழுதாகக் கீழே போங்கள், இல்லையென்றால் தெரியும்படி விட்டுவையுங்கள். முழுதாகக் கீழே போக முதலில் மண் விலக வேண்டும். மண்வெட்டி பிடிக்க நேரமோ ஆளோ இல்லாத நாளில் ரம்பத்தையும் எடுக்காதீர்கள். கட்டை இன்னொரு நாள் காத்திருக்கும்.